1000 டொலரில் கேமிங் பிசி: எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது

இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட கதையை இங்கே எழுதி முடிக்கிறேன். எபிசோட் கேட்காத ஆக்களுக்கும் இது தனியாக விளங்கும்.

"அண்ணா, கையில 1000 டொலர் இருக்கு. என்ன கார்ட் வாங்கலாம்?"

எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் சொல்ல முதல் அந்த 1000 டொலர் என்ன என்று ஒருக்கா பார்ப்பம். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். 1000 டொலர் என்றால் கிட்டத்தட்ட 57 மணித்தியாலம். எட்டு மணித்தியால ஷிஃப்ட் ஏழு. அதுவும் வரி, மற்றக் கழிவுகள் போக முந்தின கணக்கு. 18 வயதுக்குக் கீழே படிச்சுக்கொண்டு வேலை செய்கிற ஆளுக்குச் சம்பளம் இன்னும் ஒரு டொலர் குறைவு. சனி ஞாயிறு விடிய எழும்பிப் போய், கோப்பிக் கடையில் கால் நோக நின்ற காசு. அல்லது "படிப்புக்குத்தான் அம்மா" என்று சொல்லி வாங்கிய காசு. எப்படிப் பார்த்தாலும் இரண்டாம் முறை கேட்க ஏலாது.

அதோடு இன்னொன்று. கடையில் 1000 என்று விலை போட்டிருந்தால் காசு கட்டுற இடத்தில் 1130 ஆகும். எச்எஸ்டி 13%. கையில் இருக்கிறது 1000 தான் என்றால் நீங்கள் தேட வேண்டிய விலை 885. கன பேருடைய பட்ஜெட் முதல் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

ஆகவே எதில் காசைக் கொட்டுவது, எதில் வெட்டுவது என்ற வரிசை முக்கியம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கோ: இந்தக் காசு என்னுடைய திரையில் தெரியுமா? தெரியாது என்றால் வெட்டுங்கோ. ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் இந்தக் கேள்வி பொருந்தாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திரை

கார்டில் இருந்து தொடங்கினால் கணக்குப் பிழைக்கும். மேசையில் என்ன மொனிற்றர் இருக்கு, அதில் என்ன கேம் விளையாடப் போறீங்கள் என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

1080பி திரையில் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், அதாவது 1080பியை விட சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்ட் இத்தனை புள்ளிகளையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். வீட்டு ஹோலில் இருக்கிற 4கே டிவியில் கொழுவி விளையாடுவம் என்று யோசிக்கிற ஆள், அதே காசில் 1080பியில் விளையாடுகிற ஆளை விட நாலு மடங்கு வேலையைக் கார்டிடம் கேட்கிறார்.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மொனிற்றர் ஒரு செக்கனுக்கு 60 தரம்தான் படத்தை மாற்றும். கார்ட் 140 ஃபிரேம் போட்டாலும் அந்தத் திரை அத்தனையையும் காட்டாது. பழைய 60 ஹெர்ட்ஸ் மொனிற்றரை வைத்துக்கொண்டு பெரிய கார்ட் வாங்கப் போகிற ஆளுக்கு என்னுடைய முதல் ஆலோசனை: கார்டில் ஒரு படி இறங்கி, மிஞ்சுகிற காசில் 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட 1080பி மொனிற்றர் வாங்குங்கோ. வித்தியாசம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்.

1000 டொலர் பட்ஜெட் என்றால் இலக்கு 1080பி என்று வைத்துக்கொள்வது நல்லது. இனி வருவதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

யார் ஓடர் எடுக்கிறது, யார் கொத்துப் போடுறது

சிபியூ, ஜிபியூ வித்தியாசத்தை விளங்கப்படுத்த ஸ்காபரோவில் ஒரு கொத்துறொட்டிக் கடையை நினைத்துப் பாருங்கோ. முன்னால் ஓடர் எடுக்கிற ஆள் சிபியூ. பின்னால் தட்டில் அடிச்சுக் கொத்துப் போடுகிற ஆள் ஜிபியூ. ஓடர் எடுக்கிற ஆள் மெதுவான ஆள் என்றால் பின்னால் இன்னும் மூன்று பேரை நிப்பாட்டினாலும் பார்சல் வேகமாக வராது. மறுபக்கம், ஓடர் மளமளவென்று வந்து குவிந்தாலும் கொத்துப் போட ஒருத்தர்தான் என்றால் வரிசை நீளும்.

வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்களில் ஒவ்வொரு ஃபிரேமும் சின்ன ஓடர். ஆனால் செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் வேணும். அங்கே சிபியூதான் கட்டுப்படுத்தும். சைபர்பங்க் 2077 மாதிரி கேமில் ஒவ்வொரு ஃபிரேமும் பெரிய ஓடர். அங்கே ஜிபியூதான் மூச்சு வாங்கும்.

இப்போது இருக்கிற பிசியில் எது தடை என்று கண்டுபிடிக்க ஒரு சதமும் தேவையில்லை. கேமைத் திறந்து, ரெசொலூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கோ. ஃபிரேம் எண்ணிக்கை கூடினால் கார்ட்தான் தடை. கூடாமல் அப்படியே நின்றால் சிபியூ. புதுக் கார்டுக்குக் காசு கட்டுவதற்கு முதல் இந்தச் சோதனையைச் செய்யுங்கோ. சிபியூ தடையாக இருக்கிற பிசிக்குள் புதுக் கார்டைப் பூட்டினால் அந்தக் கேமில் ஒரு மாற்றமும் தெரியாது.

கார்ட்: பெயரை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ

பட்ஜெட்டில் பெரிய துண்டு கார்டுக்குத்தான் போகும். மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவும் போகலாம். ஆகவே ஏமாறுகிற வாய்ப்பும் இங்கேதான் கூட.

முதல் பொறி, ஒரே பெயரில் இரண்டு கார்ட். ஆர்டிஎக்ஸ் 3060 என்று 2021இல் வந்தது 12 ஜிபி மெமரி கார்ட். பிறகு அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் வந்தது. மெமரி மட்டும் குறையவில்லை. மெமரிக்குப் போகிற பாதையும் 192 பிட்டில் இருந்து 128 பிட் ஆகச் சுருங்கியது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டிலும் 8 ஜிபியும் இருக்கு, 16 ஜிபியும் இருக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கும். மெமரி அளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மெமரி ஏன் முக்கியம்? கார்டில் இருக்கிற மெமரியைக் குசினி மேசை என்று வையுங்கோ. சமையலுக்கு வேண்டிய எல்லாம் மேசையில் இருந்தால் கை வேகமாக ஓடும். மேசை நிரம்பினால் ஒவ்வொன்றுக்கும் ஸ்ரோர் ரூமுக்கு ஓட வேண்டும். கேமில் அதுதான் திடீர் திடீரென்று வருகிற திக்கல். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நல்லாகத்தான் தெரியும். ஆனால் மூலையில் திரும்பும்போது படம் ஒரு கணம் நின்று வரும். ஃபோர்ட்நைட், வலோரன்ட், மைன்கிராஃப்ட், ஃபுட்பால் கேம்கள் மட்டும்தான் என்றால் 1080பிக்கு 8 ஜிபி போதும். பெரிய புதுக் கதைக் கேம்களும் விளையாட ஆசை என்றால் 12 ஜிபியாவது பாருங்கோ.

இரண்டாவது பொறி, ரே ட்ரேசிங் வசதி இல்லாத பழைய கார்ட். ஒரு காலத்தில் ராசா மாதிரி இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இன்றைக்கும் பழைய சந்தையில் ஓடித் திரியுது. 11 ஜிபி மெமரி, விலையும் குறைவு. ஆனால் 2024 டிசம்பரில் வந்த இன்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வன்பொருள் கட்டாயம் என்று கேட்கின்றன. செட்டிங்கைக் குறைத்துத் தப்ப வழி இல்லை. ஆகவே ஜிடிஎக்ஸ் என்று தொடங்குகிற எதையும், ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியையும் விட்டுவிடுங்கோ.

மூன்றாவது பொறி, பொருத்தம். இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபியோடு 2024 டிசம்பரில் 249 அமெரிக்க டொலருக்கு வந்தது. காகிதத்தில் அருமையான பேரம். ஆனால் பழைய சிபியூவோடு சேர்த்தால் சில கேம்களில் எதிர்பார்த்த வேகம் வருவதில்லை என்று அடுத்த மாதமே பரிசோதனைகள் காட்டின. பட்ஜெட் பிசிகளில் சாதாரணமாக இருக்கிற ரைசன் 5 5600 உடனும் அந்தப் பிரச்சினை தெரிந்தது. புது சிபியூ வைத்திருந்தால் யோசிக்கலாம். நாங்கள் கதைக்கிற பட்ஜெட்டுக்கு அவ்வளவு பொருத்தம் இல்லை.

அப்ப எதை வாங்குவது? பழைய சந்தையில் நான் முதலில் தேடுவது ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. கேம் வேகம் மட்டும் வேணும் என்றால் முதலாவது கெட்டிக்காரன். பிளெண்டர், மெஷின் லேர்னிங் மாதிரி படிப்பு வேலையும் இருக்கு என்றால் இரண்டாவது. என்விடியாவின் கூடாவை நம்பி எழுதின மென்பொருள் கன இடத்தில் இருக்கு. "படிப்புக்குத்தான் அம்மா" என்பது அப்போது உண்மையாகவே உண்மை. காசு இன்னும் இறுக்கம் என்றால் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபிதான், ஆனால் 132 வாட்டில் அமைதியாக ஓடும்.

ராம் விலைக்கு என்ன நடந்தது?

2025 கோடையில் பிசி பூட்டின ஆள் ராம் விலையைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார். அந்த வருடம் முடியும்போது அதே டிடிஆர்5 செட் இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போனது. டிடிஆர்4, எஸ்எஸ்டி விலைகளும் பின்னால் ஏறின.

காரணம் ஏஐ. உலகத்து மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது மூன்று கம்பனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். டேட்டா சென்டர்களுக்குப் போகிற விசேஷ மெமரியில் லாபம் கூட என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. எங்களைப் போன்ற ஆக்களுக்கு மிச்சம்தான். 2025 டிசம்பரில் மைக்ரோன் தன்னுடைய குரூசியல் என்ற நுகர்வோர் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. பட்ஜெட் பிசி பூட்டுகிற ஆக்கள் வருடக்கணக்காக நம்பி வாங்கின பெயர் அது.

இதனால் பட்ஜெட் பிசியின் பழைய சூத்திரம் உடைந்துபோனது. முந்தி நானும் சொல்வது "புது ஏஎம்5 போர்ட் வாங்குங்கோ, பிறகு சிபியூவை மட்டும் மாற்றலாம்" என்றுதான். அது இப்பவும் நல்ல யோசனை. ஆனால் ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான் போகும். 1000 டொலரில் ராமுக்கே பெரிய துண்டு போனால் கார்டுக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே இப்போதைக்கு வழி இது: சிபியூ, மதர்போர்ட், ராம் மூன்றும் சேர்ந்த பழைய செட் ஒன்று. தன்னுடைய பிசியை அப்கிரேட் செய்கிற ஆள் இந்த மூன்றையும் ஒன்றாகக் கழட்டித்தான் விற்பார். ராமைத் தனியே வாங்குவதை விட இப்படி வாங்கினால் அனேகமாகக் குறைவாக முடியும்.

அளவு 16 ஜிபி. இரண்டு 8 ஜிபி துண்டாக இருக்க வேணும். ஒரே ஒரு 16 ஜிபி துண்டு என்றால் சிபியூவுக்கு ஒரு வழிப்பாதை மாதிரி. இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை. கேமில் இது நன்றாகவே தெரியும். போர்டில் நாலு ஸ்லொட் இருந்தால் இன்னும் நல்லது. விலை இறங்கும்போது மற்ற இரண்டையும் நிரப்பலாம்.

எந்த செட்?

ஏஎம்4 பக்கம் ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், 1080பிக்கு இன்றைக்கும் தாராளம். இதோடு குழம்பக்கூடிய பெயர்கள் இரண்டு: 5500, 5600ஜி. மூன்றுக்கும் ஆறு கோர்தான். ஆனால் 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி. 5600 பிசிஐஇ 4.0, மற்றவை 3.0. ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகள் எட்டு லேனைத்தான் பயன்படுத்தும். பிசிஐஇ 3.0இல் அந்தப் பாதை பாதியாகிவிடும். மெமரி நிரம்பாத வரைக்கும் பெரிதாகத் தெரியாது. நிரம்பினால் தெரியும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 5600ஐப் பிடியுங்கோ.

போர்ட் பி550 என்றால் பிசிஐஇ 4.0 கிடைக்கும். பி450, ஏ520 என்றால் 3.0.

இன்டெல் பக்கம் கோர் ஐ5 12400 அல்லது 12400எஃப். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் கட்டாயம். இதே தலைமுறைப் போர்டுகளில் சில டிடிஆர்4 எடுக்கும், சில டிடிஆர்5 எடுக்கும். பெரும்பாலும் இரண்டையும் ஒரே போர்ட் எடுக்காது. ராம் தனியே வாங்குவதாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கோ. 13ஆம், 14ஆம் தலைமுறையின் பெரிய சிப்புகளில் 2024இல் ஒரு பிரச்சினை வெளிவந்தது. கூடின மின்னழுத்தத்தால் சிப் நாளடைவில் பழுதாகியது. இன்டெல் திருத்தம் விட்டது, உத்தரவாதத்தையும் நீட்டியது. ஆனாலும் முந்தின சொந்தக்காரர் பயோஸ் அப்டேட் செய்தாரா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 12ஆம் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கம்பனிகள் கழிக்கிற பழைய ஒஃபிஸ் பிசியை வாங்கிக் கார்டைப் பூட்டலாமா என்றும் கேட்கிறீங்கள். பூட்டலாம், ஆனால் கவனம். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தினவற்றை வின்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. வின்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வலோரன்ட் வின்டோஸ் 11இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேணும். இதற்கு மேல், அந்தப் பெட்டிகளில் பவர் சப்ளையும் இணைப்பும் கம்பனியின் சொந்த வடிவத்தில் இருப்பது வழக்கம். சாதாரண பவர் சப்ளையை மாற்றிப் போட ஏலாது.

இங்கே மட்டும் கை வைக்காதேங்கோ

முன்னுக்குச் சொன்ன அந்த ஒரு சாமான் பவர் சப்ளை. இதுக்குப் போடுகிற காசு திரையில் ஒரு நாளும் தெரியாது. ஒரு ஃபிரேம் கூடாது. அதனால்தான் எல்லாரும் முதலில் இங்கே வெட்டுகிறார்கள். கேஸோடு சும்மா வந்தது, பெயர் தெரியாத பெட்டி, யாரோ பத்து வருடம் ஓட்டினது.

ஆனால் மற்ற எல்லாச் சாமானுக்கும் மின்சாரம் போவது இதற்குள்ளால்தான். கார்ட் பழுதானால் கார்ட் மட்டும் போகும். மோசமான பவர் சப்ளை போகும்போது தனியே போகும் என்று ஒருத்தரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். 57 மணித்தியால உழைப்பும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் நிற்குது.

இதை மட்டும் புதிதாக வாங்குங்கோ. 650 வாட் போதும். 5600 உடன் 230 வாட் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டியை வைத்தாலும் தாங்கும். 850 வாட் தேவையில்லை. குறைந்தது ஐந்து வருட உத்தரவாதம் இருக்கா என்று பாருங்கோ. கம்பனி தன்னுடைய சாமானை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். 80 பிளஸ் பிரொன்ஸ், கோல்ட் என்ற முத்திரைகள் சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும்தான். பாதுகாப்புச் சான்றிதழ் என்று நினைக்காதேங்கோ.

இன்னொரு விஷயம், தயவுசெய்து நினைவில் வையுங்கோ. கழட்டிப் பூட்டக்கூடிய வயர்கள் உள்ள பவர் சப்ளை என்றால், அந்தப் பெட்டியோடு வந்த வயரை மட்டும் பயன்படுத்துங்கோ. பழைய பெட்டியின் வயர் புதுப் பெட்டியில் அழகாகப் பொருந்தும். ஆனால் பெட்டிப் பக்கம் எந்தக் கம்பியில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு பிராண்டின் வயரை இன்னொன்றில் செருகினால் எஸ்எஸ்டியோ கார்டோ அந்த நொடியே எரியலாம்.

தாராளமாக வெட்டக்கூடிய இடங்கள்

லைட். கலர் மாறுகிற ஃபான், கலர் மாறுகிற ராம், எல்லாம் வேண்டாம்.

எஸ்எஸ்டி வேகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி செக்கனுக்கு 550 எம்பி. பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500, 4.0 என்றால் 7000 வரை. எண்ணில் பெரிய வித்தியாசம். கேம் லோட் ஆகிற நேரத்தில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. மலிவான என்விஎம்இ ஒன்று போதும். ஆனால் அளவில் 1 டிபிக்குக் கீழே போகாதேங்கோ. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது.

சிபியூ கூலர். புதிதாகப் பெட்டியில் வாங்கின 5600க்கு கூலர் சேர்ந்தே வரும். செட்டாக வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கோ. தண்ணிக் கூலர் தேவையே இல்லை.

கேஸ். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்றுப் போகிற வலை வேணும். கார்ட்டின் நீளம் உள்ளே போகுமா என்று அளந்து பாருங்கோ. அவ்வளவுதான்.

1000 டொலர் கணக்கு

தனியாளிடம் பழைய சாமான் வாங்கினால் 13% வரி இல்லை. அதை வைத்துப் பிரித்தால்:

கார்ட், பழையது: 350
சிபியூ, போர்ட், 16 ஜிபி ராம் செட், பழையது: 300
எஸ்எஸ்டி 1 டிபி, புதுசு: 130
பவர் சப்ளை 650 வாட், புதுசு: 100
கேஸ், ஃபானோடு, புதுசு: 80

புதுச் சாமான் மூன்றும் 310, வரியோடு 350. மொத்தம் 1000. இவை உச்ச வரம்புகள். இதற்கு மேல் போகாதேங்கோ என்ற கோடு. விலை வாரா வாரம் மாறும், ஆனால் இந்த விகிதத்தை மாற்றாதேங்கோ. ஒன்றில் 30 டொலர் மிஞ்சினால் அதைக் கார்டுக்குக் கொண்டுபோங்கோ. பவர் சப்ளையில் இருந்து மட்டும் எடுக்க வேண்டாம்.

கடையில் ரெடியாகப் பூட்டின பிசியையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பாருங்கோ. ராம் விலை ஏறின பிறகு சில நேரம் அது லாபமாகக்கூட இருக்கும். மூன்று கேள்வி கேளுங்கோ: ராம் ஒரு துண்டா இரண்டா? பவர் சப்ளை எந்த மொடல்? கார்டில் எத்தனை ஜிபி? விற்கிற ஆள் பதில் சொல்லாவிட்டால் அதுவே பதில்.

பழைய சாமான் பார்க்கப் போகும்போது

பார்க்கிங் லொட்டில் கையில் தந்துவிட்டுப் போகிற கார்டை வாங்காதேங்கோ. ஓடிக் காட்டுகிற இடத்தில் மட்டும் வாங்குங்கோ. தனியப் போகாமல் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஜிபியூ-ஸெட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கோ. கார்ட்டின் உண்மையான பெயர், மெமரி அளவு, லேன் எல்லாம் அதில் தெரியும். பெயர் மாற்றின போலிக் கார்டைப் பெரும்பாலும் பிடித்துவிடும். பிறகு ஒரு கேமோ பெஞ்ச்மார்க்கோ கால் மணித்தியாலம் ஓட விடுங்கோ. 80 டிகிரி வரைக்கும் பயப்பட ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்திலேயே 90ஐத் தாண்டி ஃபான் இரையுது, திரையில் நிறப் புள்ளிகள் தெறிக்குது என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கோ. மைனிங் செய்த கார்ட் என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டாம். இந்தச் சோதனையில் நின்றால் பரவாயில்லை.

செட் வாங்கினால் வீட்டுக்கு வந்த இரவே மெம்டெஸ்ட்86 ஐ யுஎஸ்பியில் போட்டு விடியும் வரை ஓட விடுங்கோ. ஒரு பிழை காட்டினாலும் அடுத்த நாளே விற்ற ஆளிடம் கதையுங்கோ. ஒரு கிழமை கழித்துப் போனால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

பூட்டின பிறகு, காசில்லாத வேகம்

பூட்டும்போது காபெட்டில் நிற்காதேங்கோ, முக்கியமாகப் பனிக்காலத்தில். ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் கையில் மின் சேரும். அடிக்கடி கேஸின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கோ.

ராம் துண்டு இரண்டையும் சிபியூவில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லொட்டில் போடுங்கோ. மொனிற்றர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கோ. பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஒன் செய்யுங்கோ. செய்யாவிட்டால் 3200 என்று வாங்கின ராம் 2133இலோ 2400இலோ படுத்திருக்கும். கடைசியாக வின்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கோ. 144 ஹெர்ட்ஸ் மொனிற்றரை வருடக்கணக்காக 60இல் ஓட்டுகிற ஆக்கள் உங்களுடைய நண்பர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ.

சாமான் லிஸ்ட் போட்டுவிட்டீங்கள் என்றால் காசு கட்டுவதற்கு முதல் எங்களுக்கு அனுப்புங்கோ. மொனிற்றர் என்ன, எந்தக் கேம், கையில் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கோ. கட்டின பிறகு அனுப்பினால் வாழ்த்துத்தான் சொல்ல ஏலும். அடுத்த எபிசோடில் சிலவற்றை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கதைப்பம்.